புகைச் சோதனையில் தோற்ற பிக்அப்

வேலையை விட்டு வீட்டுக்கு வந்த பிறகும் என் கைபேசிக்குப் புகை வந்துகொண்டேதான் இருக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸில் மகள் வீட்டுக்குக் குடிவந்த புதிதில், கீழ்மாடியில் இருக்கும் ஒருவருக்கு நான் டீசல் ஃபோர்மனாக இருந்தவன் என்று தெரிந்துவிட்டது. எங்கள் நாட்டில் வண்டி பழுது பார்ப்பவனை ஃபோர்மன் என்றுதான் சொல்வோம். அன்றிலிருந்து யாராவது ஒருவர் தன் வண்டியின் பின்பக்கத்தை வீடியோ எடுத்து அனுப்பி, "அங்கிள், இது ஏன் இப்படிப் புகையுது?" என்று கேட்கிறார். நானும் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்க்கிறேன். மோந்து பார்க்க முடியவில்லையே என்பது ஒன்றுதான் குறை.

போன மாதம் என் பழைய பட்டறையிலிருந்து அழைப்பு வந்தது. புகைச் சோதனையில் தோற்ற ஒரு லோரியைக் கணினியில் மாட்டிப் பார்த்தார்களாம். கணினி ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டதாம். "சந்திரன் அண்ணே, அந்தக் கெனோப்பிக்காரர் பிக்அப் கதைய ஒரு தடவை எழுதி குரூப்ல போட்டுடுங்களேன். நான் சொன்னா இங்க யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க" என்றார் இப்போது பட்டறையைப் பார்த்துக்கொள்ளும் பெண். என் முதலாளியின் மகள்தான் அவர். அவர் கேட்டதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கணினி வேண்டாம் என்று சொல்வதற்காக இல்லை. அது நல்ல பொருள். எனக்கு முன்பே கிடைத்திருந்தால் என் முதுகு இன்னும் கொஞ்சம் நேராக இருந்திருக்கும்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கிள்ளானில் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தேன். ஐந்தாம் படிவத்தோடு படிப்பு நின்றது. சில ஆண்டுகள் ஒரு லோரிப் பட்டறையில் டீசல் தொட்டியில் பாகங்களைக் கழுவினேன். பிறகு பக்கத்து ஊரான மேருவில் லிம் என்ற சீனர் வைத்திருந்த பட்டறைக்குப் போனேன். அங்கேயே கல்யாணம் ஆனது, தலை நரைத்தது, ஓய்வும் பெற்றேன்.

முதலாளியைச் சீனர்கள் சொல்வதுபோல நாங்களும் தவுக்கே என்றுதான் சொல்வோம், நேரில் பாஸ். தவுக்கே லிம் காப்பார் பக்கம் ஒரு தோட்டத்துக் கடையில் வளர்ந்தவர். அவருடைய அப்பா தோட்டத்து மக்களுக்கு மளிகை விற்றவர். அதனால் தவுக்கேக்கு நல்ல தமிழ் வரும். ஆனால் அந்தத் தமிழில் 'நீங்க' என்ற சொல்லே கிடையாது. யாராக இருந்தாலும் நீ, வா, போ. மரியாதை கொடுக்க வேண்டும் என்று தோன்றினால் கூடவே ஓர் 'அண்ணே'யோ 'அக்கா'வோ சேர்த்துக்கொள்வார். "அக்கா, நீ உக்காரு" என்பார். யாரும் கோபித்து நான் பார்த்ததில்லை.

எப்போதும் தேய்த்த கால்சட்டை, முழுக்கை சட்டை. பேனா குத்தியிருக்கும் பையில் ஒரு வெள்ளைத் துணியும் இருக்கும். வண்டி வந்ததும் போனட்டைத் திறக்க எங்களை விடமாட்டார். முதலில் வண்டி ஓட்டி வந்தவரை ஒரு நாற்காலியில் உட்கார வைப்பார். கொப்பி வரும், நாங்கள் காப்பியை அப்படித்தான் சொல்வோம். பிறகு மூன்று கேள்விகள். எப்ப ஆரம்பிச்சிச்சு? அதுக்கு முன்னால வண்டிய என்ன செஞ்ச? மூன்றாவது கேள்விதான் அவருடைய தனிச்சொத்து: எப்ப நல்லா இருக்கு?

எல்லா ஃபோர்மன்களும் எப்போது கெட்டுப்போகிறது என்று கேட்பார்கள். எப்போது நன்றாக இருக்கிறது என்று கேட்பவர் என்றால் நான் அவரை மட்டும்தான் பார்த்தேன். "கெட்ட நேரத்த எல்லாரும் சொல்லுவான் லா. கோவத்துல கூட்டிச் சொல்லுவான். நல்ல நேரத்த கேட்டா யோசிச்சித்தான் சொல்லுவான்" என்பார்.

அவருக்கு இன்னொரு சட்டமும் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு பொருளைத்தான் மாற்ற வேண்டும். மாற்றியதும் ஓட்டிப் பார்க்க வேண்டும். சரியாகவில்லை என்றால் பழையதை மறுபடி மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். என்னோடு வேலை செய்த மணியம் ஒரு முறை அவசரத்தில் ஒரு லோரிக்கு மூன்று பாகங்களை ஒரே மூச்சில் மாற்றினான். லோரியும் சரியாகி, ஓட்டுநரும் சந்தோஷமாக நின்றார். தவுக்கே வந்து, "எது சரி பண்ணிச்சு?" என்று கேட்டார். மணியம் கழற்றிப் போட்ட மூன்றையும் மாறி மாறிப் பார்த்தான். தவுக்கே சத்தம் போடவில்லை. கோபம் வந்தால் அவர் குரல் இறங்கிவிடும். தமிழை விட்டு, பள்ளிக்கூடத்து மலாய்க்குப் போய்விடுவார். அன்று அவர் மணியத்திடம் அழகான மலாயில், பழைய மூன்றையும் மறுபடி மாட்டச் சொன்னார். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்ததில் மூன்றில் ஒன்றுதான் கெட்டிருந்தது. மற்ற இரண்டு புதுப் பாகங்களையும் டப்பாவில் போட்டுக் கடைக்குத் திருப்பி அனுப்பினார்.

இனி அந்தப் பிக்அப்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு நடந்தது இது. ஒரு நாள் காலை, பழைய ஜப்பான் டீசல் பிக்அப் ஒன்று பட்டறைக்குள் நுழைந்தது. மிக மெதுவாக, தயங்கித் தயங்கி. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா இறங்கினார். பூப்போட்ட பாஜூச் சட்டை, கையில் துண்டு, முகமெல்லாம் வேர்வை. பெயர் பரமேஸ்வரி. கிள்ளானில் கெனோப்பி வாடகைக்கு விடுகிறவர்கள். கல்யாணம், கருமாதி, புதுமனை புகுவிழா எதுவானாலும் வீட்டு வாசலில் இரும்புக் கம்பம் நட்டு, மேலே கூடாரம் கட்டி, கீழே பிளாஸ்டிக் நாற்காலி போடுகிறார்களே, அந்தத் தொழில்.

"சோதனைல போயிருச்சுங்க. கறுப்புப் புகை. வேற கடையில காட்டினேன். இன்ஜினே போச்சு, வண்டிய தூக்கிப் போடுங்கன்னு சொல்றாங்க."

சரக்கு ஏற்றும் வண்டிகள் அவ்வப்போது பரிசோதனை நிலையத்துக்குப் போயே ஆக வேண்டும். அங்கே டீசல் வண்டிக்குப் பெரிய கண்டம் புகைச் சோதனைதான். புகை வெளியேறும் எக்சோஸ் குழாய்க்குள் ஒரு கருவியை விட்டு, கியர் போடாமல் நின்ற இடத்திலேயே ஆக்சிலரேட்டர் மிதியைத் தரைவரைக்கும் மிதிப்பார்கள். இன்ஜின் உச்சத்துக்குப் போய் அலறும். விடுவார்கள். மறுபடி மிதிப்பார்கள். இப்படிச் சில தடவை. புகையின் அடர்த்தி அளவைத் தாண்டினால் தோல்வி. தேறாத வண்டிக்குச் சாலை வரி புதுப்பிக்க முடியாது. வரி இல்லாத வண்டி வீட்டில் நிற்க வேண்டியதுதான்.

தவுக்கே அவரை உட்கார வைத்தார். கொப்பி வந்தது.

"அக்கா, எப்ப ஆரம்பிச்சிச்சு?"

"தெரியலீங்க."

"அதுக்கு முன்னால வண்டிய என்ன செஞ்ச?"

"தெரியாதுங்க. இது என் வீட்டுக்காரர் வண்டி. வேற ஃபோர்மன் கைய வைக்க விடமாட்டாரு. எல்லாம் அவரே பாத்துக்குவாரு. இப்ப அவருக்கு ஸ்ட்ரோக் வந்து வீட்டுல இருக்காரு." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் அதுக்கப்புறம்தான் இத ஓட்டவே ஆரம்பிச்சேன். கார் லைசன்ஸ் இருந்துச்சு, ஆனா பாசாருக்குக் காய்கறி வாங்கத்தான் ஓட்டுவேன். இவ்வளவு பெரிய வண்டியெல்லாம் தொட்டதில்ல."

தவுக்கே பிறகு மூன்றாவதைக் கேட்டார்.

"எப்ப நல்லா இருக்கு?"

பரமேஸ்வரி அக்கா யோசித்தார். "காலையில வீட்டுல ஸ்டார்ட் பண்ணா நல்லாத்தான் இருக்கு. பக்கத்து வீட்டுல துணி காயப் போட்டிருப்பாங்க, அவங்க கூட ஒண்ணும் சொல்றதில்ல."

மகன் ஜொகூரில் வேலை பார்க்கிறாராம். வண்டியை விற்றுவிட்டு இருவரும் தன்னோடு வந்துவிடுங்கள் என்று நச்சரிக்கிறாராம். கல்யாண மாதம் பிறக்கப்போகிறது, வாக்குக் கொடுத்த இடங்கள் நிறைய இருக்கின்றன என்றார். பிறகு, எங்களிடம் சொல்லலாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "தினமும் சாயந்திரம் வீல்சேர்ல வாசலுக்கு வந்து இந்த வண்டியத்தான் பாத்துக்கிட்டு இருப்பாரு. இது போச்சுன்னா அவரு எதப் பாப்பாரு?"

தவுக்கே என் பக்கம் திரும்பி, "சந்திரன், நீ எடு" என்றார்.

எடுத்தேன். கறுப்புப் புகை என்றால் இரண்டில் ஒன்று. டீசல் அதிகம் போகிறது, அல்லது காற்று குறைவாகப் போகிறது. முதலில் காற்று வடிகட்டி. அதை மாற்றினேன், கொஞ்சம் குறைந்தது, போதவில்லை. டீசலைப் பொடித்துத் தெளிக்கும் நோசல்களைக் கழற்றிச் சோதித்தேன். நல்ல நோசல் பூத்தூறல் மாதிரி தெளிக்க வேண்டும்; இரண்டு நோசல்கள் குழாய் ஒழுகுவதுபோல ஒழுகின. மாற்றினேன். பட்டறையில் எங்களிடமே ஒரு புகைமானி இருந்தது. மிதித்துப் பார்த்தோம். அளவுக்கு நன்றாகக் கீழே வந்துவிட்டது. பரமேஸ்வரி அக்கா கையெடுத்துக் கும்பிட்டார்.

நானே பரிசோதனை நிலையத்துக்கு ஓட்டிப் போனேன். வரிசையில் வெயிலில் நின்று, என் முறை வந்து, மிதித்தார்கள். பின்பக்கம் கறுப்பாகக் கொட்டியது. தோல்வி.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பட்டறைக்குக் கொண்டுவந்து, சாப்பிட்டுவிட்டு, மறுபடி சோதித்தேன். நன்றாக இருந்தது. டீசல் பம்பைக் கழற்றிச் சரிபார்த்தேன். இன்ஜின் வால்வுகளின் இடைவெளியைப் பார்த்தேன். எக்சோஸ் புகையில் ஒரு பங்கை மறுபடி உள்ளே அனுப்பும் வால்வு ஒன்று உண்டு. அது திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போவின் விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்தேன். வெண்ணெயாகச் சுற்றியது. ஒவ்வொன்றுக்கும் பிறகு சோதனை, ஒவ்வொரு சோதனையிலும் தேர்ச்சி. வீட்டில் நன்றாகப் பாடிவிட்டு மேடையில் தொண்டை அடைத்துக்கொள்ளும் பிள்ளை மாதிரி அந்த வண்டி என்னைப் படுத்தியது. ராத்திரி தூக்கத்தில் நான் மிதியை மிதித்ததாக என் மனைவி சொன்னாள்.

இரண்டாம் தடவை நிலையத்துக்குப் போகும்போது தவுக்கேயும் தன் காரில் பின்னால் வந்தார். பரமேஸ்வரி அக்காவும் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். மறுபடியும் அதே கறுப்பு. அதிகாரி இளைஞர், நல்ல மாதிரி. "அங்கிள், சாரி லா" என்று சொல்லித்தான் முடிவைக் கொடுத்தார்.

வெளியே வந்து ஓரமாக நிறுத்தினேன். பரமேஸ்வரி அக்கா கைபேசியை எடுத்து மகனின் எண்ணைத் தேட ஆரம்பித்தார். தவுக்கே வந்து ஜன்னலில் குனிந்தார்.

"அக்கா, போன கீழ வை. உன் வீட்டுக்காரர கேக்கணும்."

"பாஸ், அவருக்குப் பேச்சு வராது. ஒரே ஒரு வார்த்தைதான் வரும். எது கேட்டாலும் 'பரவால்ல'ம்பாரு. பசிக்குதான்னு கேட்டாலும் பரவால்ல, வலிக்குதான்னாலும் பரவால்ல. வேற ஒண்ணும் வராது."

"காது கேக்குமா?"

"கேக்கும். எல்லாம் புரியும்."

"அப்பப் போதும். சந்திரன், இன்ஜின் சூடா இருக்கு. ஆற விடாத. போனட்ட தொறக்காத. அப்படியே வீட்டுக்குப் போ."

கிள்ளானில் ஒரு தாமான் குடியிருப்பில் வரிசை வீடு. வாசலில் கெனோப்பிக் கம்பங்கள் நீளவாக்கில் அடுக்கியிருந்தன, நாற்காலிகள் கூரைவரை. அக்காவின் கணவர் கணேசன் அண்ணன் வீல்சேரில் வாசலிலேயே இருந்தார். நல்ல உயரமான மனிதர். வலது கை மடியில் பேசாமல் கிடந்தது. இடது கை மட்டும் வீல்சேரின் சக்கரத்தைப் பிடித்திருந்தது. பிக்அப்பைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. பிறகு எங்களைப் பார்த்ததும் மரியாதையாகத் தலையசைத்து, "பரவால்ல" என்றார். வாங்க என்று அர்த்தம்.

தவுக்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை உருவி அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். பட்டறையில் யாரிடமும் பேசுவதைப் போலவே பேசினார்.

"அண்ணே, நான் லிம். உன் வண்டி எங்கிட்டதான் இருக்கு. நோசல் மாத்தியாச்சு, பம்ப் பாத்தாச்சு. என் கடையில நல்லா இருக்கு, அங்க போனா புகை. நீ பாத்த வண்டி. இப்ப அக்கா மிதிக்கும், நீ கேளு."

பரமேஸ்வரி அக்கா ஏறி உட்கார்ந்து மிதித்தார். இன்ஜின் அலறியது. எக்சோஸ் கறுப்பாகக் கக்கியது. எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று படாரென்று மூடியது. கணேசன் அண்ணன் துடித்துப்போனார்.

"பரவால்ல! பரவால்ல! பரவால்ல!"

கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். கண்ணில் நீர் வந்துவிட்டது. உள்ளே வேறு சொல் இருப்பதும், வாய்வரை வந்து அது இதுவாக மாறிவிடுவதும் பார்க்கிறவர்களுக்கே தெரிந்தது. அக்கா பயந்துபோய் இன்ஜினை நிறுத்தப் போனார்.

"நிறுத்தாத அக்கா" என்றார் தவுக்கே. பிறகு என்னிடம், தணிந்த குரலில், "சந்திரன், வாயப் பாக்காத. கையப் பாரு" என்றார்.

பார்த்தேன். அக்கா மிதியை விட்டபோது அண்ணனின் இடது கை விரிந்திருந்தது. மிதித்தார்; சத்தம் ஏற ஏற விரல்கள் மடங்கி, உச்சத்தில் கை இறுக மூடிக்கொண்டது. விட்டார், கை மெதுவாகத் திறந்தது. மறுபடி மிதித்தார், மறுபடி மூடியது. வலியிலோ கோபத்திலோ மூடுகிற கை இப்படித் தாளம் தவறாமல் மூடாது. அவர் எதையோ நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

இன்ஜின் வேகம் எடுக்கும்போது எது இப்படி மூடும்? இரும்பு மூடாது. ரப்பர்தான் மூடும்.

போனட்டைத் தூக்கினேன். சூடு முகத்தில் அடித்தது. எதையும் தொடவில்லை, எதையும் கழற்றவில்லை. காற்று வடிகட்டிப் பெட்டியிலிருந்து டர்போவுக்குப் போகும் தடித்த ரப்பர் குழாயின் மேல் டார்ச் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு, "அக்கா, மிதிங்க" என்றேன். பொட்டலத்தில் கட்டிய ஐஸ் கொப்பியின் கடைசிச் சொட்டை உறிஞ்சும்போது அந்தப் பிளாஸ்டிக் பை எப்படி ஒட்டிக்கொள்ளும்? அந்தக் குழாய் அப்படியே உள்வாங்கி, சப்பையாக ஒட்டிக்கொண்டது. இன்ஜினுக்கு மூச்சு முட்டியது. புகை கொட்டியது. மிதியை விட்டதும் குழாய் ஒன்றுமே நடக்காததுபோல உப்பிக்கொண்டு நின்றது.

வெளியே பார்க்க நல்ல குழாய். ஒரு வெடிப்பு இல்லை. ஆனால் எண்ணெய் ஆவியில் பல வருடம் ஊறி உள்ளே தளர்ந்துபோயிருந்தது. ஆறியிருக்கும்போது விறைப்பாக நிற்கும். சூடேறினால் துவண்டுவிடும். பட்டறையில் நான் ஒவ்வொரு முறையும் சோதனைக்கு முன் வடிகட்டிப் பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, திறந்தபடியே மிதிப்பது வழக்கம். காற்று தாராளமாக வரும்; உறிஞ்சும் வேகம் குறையும்; குழாய் சப்பையாகாது. ஆறிய இன்ஜின் வேறு. அதனால்தான் என்னிடம் நல்ல பிள்ளையாக இருந்தது.

"ஹோஸ், பாஸ்!" என்று கத்தினேன்.

கணேசன் அண்ணன் கையைக் கீழே போட்டார். மலையேறி வந்தவர் மாதிரி மூச்சு வாங்கியது. பிறகு அதே கையைத் தூக்கி, வீட்டின் பின்பக்கத்தைக் காட்டினார். "பரவால்ல" என்றார், இப்போது மெதுவாக.

பரமேஸ்வரி அக்கா வண்டியிலிருந்து இறங்கினார். "பாத்ரூம் போகணுமா? இருங்க, வரேன்." எங்களைப் பார்த்து, "ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து இப்படித்தான். அடிக்கடி பின்னாடி கையக் காட்டுவாரு. கூட்டிட்டுப் போவேன். போனா பாத்ரூமுக்கு வரமாட்டேன்னு அடம் பிடிப்பாரு" என்றார்.

தவுக்கே எழுந்தார். "அக்கா, பின்னால என்ன இருக்கு?"

"பாத்ரூம், துணி துவைக்கிற மிஷின், சாமான் ரூம்."

"சாமான் ரூம காட்டு."

நாங்கள் மூவரும் வீல்சேரைத் தள்ளிக்கொண்டு போனோம். சாமான் அறையில் கயிறு, தார்ப்பாய், பழைய விளக்குகள். அண்ணனின் கை ஓர் ஆணியைக் காட்டியது. அதில் உதிரிப்பாகக் கடையின் பிளாஸ்டிக் பை ஒன்று தொங்கியது. நான் எடுத்துப் பிரித்தேன். உள்ளே வளைந்த, தடித்த, புத்தம் புதிய ரப்பர் குழாய். அந்த வண்டிக்கே உரியது.

பரமேஸ்வரி அக்கா அதையே பார்த்தார். "இது வாஷிங் மிஷின் ஹோஸுன்னுல நெனச்சேன்" என்றார். "அவரு விழுந்த வாரம் வாங்கிட்டு வந்து இந்த ஆணியில மாட்டினாரு. நான் அப்புறம் கேக்கவே இல்ல."

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. மனிதர் நோயில் விழுவதற்கு முன்பே வண்டியின் நோயைக் கண்டுபிடித்து, மருந்தையும் வாங்கி வைத்துவிட்டார். மாட்டுவதற்குள் கை விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு மாதக்கணக்காக இருக்கிற ஒரே சொல்லாலும் இருக்கிற ஒரே கையாலும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அக்கா தரையில் அப்படியே வீல்சேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இதத்தான் சொன்னீங்களா? இத்தன நாளா இதத்தான் சொன்னீங்களா?"

அண்ணன் அவர் தலையில் கையை வைத்தார்.

தவுக்கே வாசல் பக்கம் திரும்பி, "சந்திரன், ஸ்க்ரூடிரைவர் எடு" என்றார். அவருக்கு அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. எனக்கும்தான்.

இரண்டு பக்கமும் ஒரு வளையப் பூட்டு. கழற்றி மாட்டச் சின்ன வேலை. ஆனால் அங்கேயும் தவுக்கே தன் சட்டத்தை விடவில்லை. புதுக் குழாயை மாட்டி மிதிக்கச் சொன்னார். தன் பையிலிருந்த வெள்ளைத் துணியை எக்சோஸுக்கு நேரே பிடித்தார். லேசான சாம்பல் நிறம். பிறகு பழையதை மறுபடி மாட்டச் சொன்னார். துணி கறுத்தது. மறுபடி புதியது. மறுபடி சாம்பல். ஒவ்வொரு முறையும் துணியைக் கணேசன் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினார். அண்ணனும் ஒரு பெரிய ஃபோர்மனின் தோரணையில் துணியை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தலையை ஆட்டினார்.

மறுநாள் காலை நிலையத்துக்குப் பரமேஸ்வரி அக்காவே ஓட்டினார். நானும் தவுக்கேயும் அண்ணனைத் தூக்கி முன் இருக்கையில் உட்கார வைத்தோம். சோதனைப் பாதையின் வாசலில் அவரை இறக்கி வீல்சேரில் வைத்து, வண்டியை அதிகாரியிடம் விட்டுவிட்டு நால்வரும் வெளியே நின்றோம். உள்ளே மிதிக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு தடவையும் அக்கா கண்ணை மூடிக்கொண்டார். அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசி மிதிக்கு முன்பே அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்துவிட்டது; அதைப் பார்த்து எனக்கும் முடிவு தெரிந்துவிட்டது. அந்த இளம் அதிகாரி ஓடிவந்து, "லூலுஸ், அங்கிள்! லூலுஸ்!" என்றார். தேர்ச்சி என்று மலாயில் சொன்னார். என்னிடம்தான் சொன்னார், நான் கணேசன் அண்ணனைக் காட்டினேன். அவர் போய் அண்ணனின் இடது கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அங்கேயே விடைபெற்றிருக்கலாம். அதற்குள் அக்காவின் கைபேசி அடித்தது. அன்று சாயந்திரம் செராஸில் ஒரு வீட்டில் நிச்சயதார்த்தம். கெனோப்பி கட்ட வேண்டும். கம்பம் தூக்க வரும் இருவரில் ஒருவருக்குக் காய்ச்சலாம். அக்கா கைபேசியைக் காதில் வைத்தபடி திகைத்து நின்றார்.

தவுக்கே தன் சட்டையின் கையை மடித்துவிட ஆரம்பித்தார். அத்தனை வருடத்தில் அவர் முழங்கையை நான் அன்றுதான் பார்த்தேன்.

"பாஸ், உங்களுக்குக் கம்பம் தூக்கத் தெரியுமா?" என்றேன்.

"வண்டி வெயிட் தூக்கிப் போகும்போது புகை வருதான்னு பாக்கணும் லா. சும்மா வெறும் வண்டிய சோதிச்சா எப்படி?" என்றார்.

அப்படித்தான் வீட்டிலிருந்து கம்பங்களை ஏற்றிக்கொண்டு நாங்கள் செராஸுக்குப் போனோம். மேட்டில் ஏறும்போது நான் தவுக்கேயின் கார் ஜன்னலில் தலையை நீட்டி முன்னால் போகும் பிக்அப்பின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். சுத்தமாக இருந்தது. அண்ணனை அந்த வீட்டு வாசலில் மர நிழலில் உட்கார வைத்தோம். அவர் கையைத் தூக்கினால் நாங்கள் கம்பத்தைத் தூக்கினோம்; இறக்கினால் இறக்கினோம். தவுக்கே ஒரு மூலைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். தேய்த்த கால்சட்டையில் துரு, நெற்றியில் கிரீஸ்.

வீட்டுக்கார அம்மா பட்டுப்புடவையில் அவசரமாக வெளியே வந்தார். தவுக்கேயைப் பார்த்து, கூலிக்கு வந்த ஆள் என்று நினைத்துக்கொண்டு, சீனருக்குத் தமிழ் தெரியாது என்று எண்ணி மலாயில் ஆரம்பித்து, கோபத்தில் தமிழுக்கு மாறினார். "அந்தப் பக்கம் சாயுது பாருங்க! கண்ணு தெரியலயா உங்களுக்கு? பாஸ் எங்க? நான் பாஸ்கிட்டதான் பேசணும்!"

தவுக்கே கம்பத்தை விடாமல், முகத்தை மிகவும் பணிவாக வைத்துக்கொண்டு, தாடையால் மர நிழலைக் காட்டினார். "பாஸ் அங்க உக்காந்திருக்கு அக்கா. நீ போய் கேளு. நான் புது ஆளு."

பரமேஸ்வரி அக்கா வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். அதற்குள் மர நிழலிலிருந்து சத்தம் வந்தது. கணேசன் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். தலையைப் பின்னால் சாய்த்து, வயிறு குலுங்க, வாய்விட்டுச் சிரித்தார். எங்கேயும் தடைபடாமல், முழுதாக வந்தது அந்தச் சிரிப்பு.